அரிதாய்க் கிடைக்கும் எல்க் டேக்: புள்ளி சேர்ப்பது முதல் இறைச்சி இறக்குவது வரை

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் மான் வேட்டை இரண்டு வகையாக நடைபெறுகிறது. எளிதாகக் கிடைக்கும் அனுமதியைப் பெற்று, கூட்டம் நிறைந்த காடுகளில் அகப்படும் மானை இறைச்சிக்காக வேட்டையாடுவது ஒரு வகை. குலுக்கலில் மட்டுமே கிடைக்கும் டேக் (ஒரு மானை வேட்டையாடுவதற்கான அனுமதிச் சீட்டு) ஒன்றுக்காக, விண்ணப்பித்தும் கிடைக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்றாகப் புள்ளி சேர்த்து, பத்து, பதினைந்து, சில பகுதிகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்து, முதிர்ந்த ஆண் மான்கள் மிகுந்த பகுதியில் ஒரே ஒரு பருவம் வேட்டையாடுவது மற்றொரு வகை. இந்தக் கட்டுரை இரண்டாவது வகைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கானது. அவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: எவ்வளவு பெரிய கொம்பு வேண்டும் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எந்தப் பருவத்தில், எந்த நிலத்தில், எந்த ஆயுதத்தோடு உங்களால் நன்றாக வேட்டையாட முடியும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

இவ்வளவு நீண்ட காத்திருப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிதாகும். ஆண் எல்க்கின் கொம்பு வசந்தத் தொடக்கத்தில் உதிர்ந்து, கோடையில் மென்தோல் போர்த்தபடி மறுபடி வளர்ந்து, ஆகஸ்டில் தோல் உரிந்து எலும்பாக இறுகுகிறது. இளம் மானின் கொம்பு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகி, ஏழெட்டு வயதைக் கடந்த பிறகே உச்ச அளவை எட்டுகிறது. அனுமதி தாராளமாக வழங்கப்படும் இடங்களில் பெரும்பாலான ஆண் மான்கள் அந்த வயதை எட்டும் முன்பே வீழ்ந்துவிடுகின்றன. நல்ல மேய்ச்சலும் மரபும் முக்கியமே என்றாலும், வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையைக் குறைத்து மான்களை முதுமை எய்த விடுவதுதான் பெருங்கொம்புகளுக்கு முதற்காரணம். இயல்பான அமைப்புடைய எல்க் கொம்புகளில் உலகச் சாதனையாக விளங்கும் 442 5/8 அங்குலக் கொம்பு (தண்டு, கிளை, சுற்றளவு முதலிய அளவுகளைக் கூட்டிய மதிப்பு இது) 1968-இல் அரிசோனாவின் வெண்மலைப் பகுதியில் கிடைத்தது. இயல்பு மீறிய கிளைகள் கொண்டவற்றில் சாதனையான 478 5/8 அங்குலக் கொம்பு 2008-இல் யூட்டாவின் மன்ரோ மலையில் கிடைத்தது. இவ்விரு மாநிலங்களும் இன்றும் ஆண் எல்க் டேக்குகளைச் சிக்கனமாக வழங்கும் பகுதிகளைப் பேணி வருகின்றன.

சட்டத் தகுதியை முதலில் உறுதிசெய்யுங்கள்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு வேட்டை வழக்கொழிந்துவிட்டது. அங்கிருந்து அமெரிக்கா சென்றவர்களில் பலர் நடுவயதில்தான் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் எடுக்கிறார்கள். வேலை அல்லது படிப்பு விசாவில் இருக்கிறவர்கள் ஒரு விதியைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான மறுநாள் விலக்கும் முடிந்துவிடும் என்பதால், புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பது அவசியம். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலும் நிபந்தனை விதிக்கலாம். ஐயம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் துப்பாக்கி வாங்குங்கள். வில் வேட்டைக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை.

அடுத்தது வேட்டைக் கல்விச் சான்றிதழ். கொலராடோ 1949-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களிடமும், வயோமிங் 1966-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களிடமும் இதைக் கேட்கின்றன. ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழை மற்ற மாநிலங்களும் ஏற்கின்றன. அரிசோனாவில் பெரியவர்களுக்கு இது கட்டாயமில்லை. ஆனால் அந்த மாநிலத்தின் வகுப்பை முடித்தவருக்கு என்றும் அழியாத ஒரு போனஸ் புள்ளி கிடைக்கிறது. டேக் கிடைத்த பிறகு ஆண்டுதோறும் சேர்த்த புள்ளிகள் பூஜ்யமானாலும் இந்தப் புள்ளி நிற்கும். அரிசோனாவில் விண்ணப்பிக்க எண்ணுகிறவர்கள் இந்த வகுப்பைத் தவறவிடக் கூடாது.

ஒவ்வொரு மாநிலத்தின் குலுக்கல் முறையையும் படியுங்கள்

எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் குலுக்குவதில்லை. முன்னுரிமைப் புள்ளி முறையில் அதிகப் புள்ளி வைத்திருப்பவருக்கே முதலில் டேக் செல்லும். குறைந்த புள்ளிக்காரருக்கு வாய்ப்பே இல்லாமலும் போகலாம். கொலராடோவின் பெரும்பாலான டேக்குகள் இவ்வாறே வழங்கப்படுகின்றன. போனஸ் புள்ளி முறையில் ஒவ்வொரு புள்ளியும் தொப்பிக்குள் போடப்படும் கூடுதல் சீட்டாகிறது. புள்ளி குறைவானவருக்கும் சிறிய வாய்ப்பு உண்டு, நிறையப் புள்ளி சேர்த்தவருக்கும் உறுதி எதுவும் இல்லை. நெவாடாவும் மொன்டானாவும் புள்ளிகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கிச் சீட்டுகளைக் கணக்கிடுவதால், பழைய விண்ணப்பதாரரின் கை அங்கே வெகுவாக ஓங்குகிறது. நியூ மெக்சிகோவிலும் ஐடஹோவிலும் எல்க் குலுக்கலுக்குப் புள்ளியே கிடையாது. முதன்முறை விண்ணப்பிப்பவருக்கும் இருபதாம் முறை விண்ணப்பிப்பவருக்கும் ஒரே வாய்ப்பு. இன்று புதிதாகத் தொடங்குகிறவர் இந்த இரு மாநிலங்களையும் ஒவ்வோர் ஆண்டும் விடாமல் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். நியூ மெக்சிகோவின் ஹீலா மலைக்காட்டுப் பகுதிகளில் பெருங்கொம்பு மான்கள் இருக்கின்றன. ஆனால் குலுக்கலில் 84 விழுக்காடு உள்மாநிலத்தவருக்கும், 10 விழுக்காடு அவுட்ஃபிட்டர் எனப்படும், வழிகாட்டியோடு வேட்டைப் பயணம் நடத்தும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கும், எஞ்சிய 6 விழுக்காடு மட்டுமே வழிகாட்டியின்றி வரும் வெளிமாநிலத்தவருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன.

அரிசோனாவின் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். புதியவர் நம்பிக்கையோடு தொடங்கத் தக்கது அதுவே என்பது என் கருத்து. அங்கே ஒவ்வொரு வேட்டைக்குமான டேக்குகளில் 20 விழுக்காட்டை முதற்சுற்றில் அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கு ஒதுக்குகிறார்கள். மீதமுள்ளவை அடுத்த சுற்றுகளில் எண் குலுக்கலாக நடக்கின்றன. ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஓர் எண்ணும், அவர் வைத்திருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இன்னுமோர் எண்ணும் கணினி தருகிறது. அவற்றுள் மிகச் சிறிய எண்ணே அவருடைய வரிசை எண்ணாகக் கொள்ளப்படுகிறது. விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் வரை குறிக்கலாம், ஆனால் எல்லாருடைய முதலிரு தெரிவுகளையும் பார்த்த பிறகே எஞ்சியவற்றைப் பார்ப்பதால், அரிய டேக்கை மூன்றாம் இடத்தில் எழுதுவது வீண். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து விண்ணப்பித்தவருக்கு விசுவாசப் புள்ளி ஒன்று சேரும்; ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து விண்ணப்பிக்காமல் விட்டவர் சேர்த்த புள்ளிகளை இழப்பார். வெளிமாநிலத்தவருக்கு ஒவ்வொரு வேட்டையிலும் 10 விழுக்காடு என்பதே மேல்வரம்பு. விண்ணப்பிப்பதற்கே 160 டாலர் வேட்டை உரிமம் வாங்க வேண்டும், டேக் கிடைத்தால் மேலும் 650 டாலர் கட்ட வேண்டும். நண்பர்களோடு குழுவாக விண்ணப்பிப்பதானால் எல்லாருடைய புள்ளிகளின் சராசரியே கணக்கில் கொள்ளப்படும். பதினைந்து புள்ளி சேர்த்தவர் புதியவரைச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பித்தால் அவருடைய உழைப்பில் பாதி ஒரே நாளில் கரைந்துவிடும் என்பதைக் குழுவில் உள்ள அனைவரும் முன்பே வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

யூட்டாவில் கட்டுப்படுத்தப்பட்ட எல்க் டேக்குகளில் பாதி அதிகப் புள்ளிக்காரருக்கும் மறுபாதி குலுக்கலுக்கும் செல்கின்றன. வயோமிங்கில் வெளிமாநிலத்தவருக்கான டேக்குகளில் 75 விழுக்காடு முன்னுரிமைப் புள்ளிப்படியும் 25 விழுக்காடு குருட்டுக் குலுக்கலாகவும் வழங்கப்படுகின்றன. வயோமிங்கைப் பற்றி மற்றொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: கூட்டாட்சி அரசு வனாந்தரப் பகுதியாக அறிவித்துள்ள நிலத்தில் வெளிமாநில வேட்டைக்காரர் தனியாகப் பெருவிலங்கு வேட்டையாட முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென அனுமதிச் சீட்டு பெற்ற உள்மாநிலத்தவர் ஒருவரோ உடன் வர வேண்டும். பல ஆண்டுகள் புள்ளி சேர்த்துவிட்டு, தனக்குக் கிடைத்த பகுதியின் பெரும்பங்கு வனாந்தரம் என்பதைப் பிறகு அறிந்து திகைப்பவர்கள் உண்டு.

புள்ளி வைத்திருப்போரின் கூட்டம் ஆண்டுதோறும் பெருகுவதால், இன்று பதினைந்து புள்ளி தேவைப்படும் டேக்குக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே பதினைந்து போதாது. உங்கள் வயதையும் இதில் கணக்கிட வேண்டும். முப்பது வயதில் தொடங்குகிறவர் கொலராடோவின் வடமேற்கு மூலையிலுள்ள 2, 10, 201 ஆகிய யூனிட்டுகளை (எண்ணிட்டுப் பிரித்த வேட்டைப் பகுதிகளை) குறிவைத்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்கத் துணியலாம். ஐம்பதைத் தாண்டியவருக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. புள்ளியில்லாத மாநிலங்களையும், குலுக்கலுக்கு ஒரு பங்கு ஒதுக்கும் மாநிலங்களையும், பத்துப் புள்ளிக்குள் கிடைக்கும் நடுத்தரப் பகுதிகளையுமே அவர் நாட வேண்டும். ஒவ்வொரு மாநில வனவிலங்குத் துறையும் முந்தைய ஆண்டின் குலுக்கல் முடிவுகளை, எத்தனை புள்ளிக்கு எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேர் பெற்றார்கள் என்ற விவரத்தோடு வெளியிடுகிறது. கட்டணச் சேவைகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த அட்டவணைகளைப் படித்துப் பழகுங்கள்.

கடைசித் தேதிகளைப் பொறுத்தவரை, அரிசோனா எல்க் விண்ணப்பமும் வயோமிங்கின் வெளிமாநில எல்க் விண்ணப்பமும் பிப்ரவரித் தொடக்கத்திலும், நியூ மெக்சிகோ மார்ச்சிலும், கொலராடோவும் மொன்டானாவும் ஏப்ரல் தொடக்கத்திலும், யூட்டா ஏப்ரலிலும், நெவாடாவும் ஒரேகனும் மே மாதத்திலும் முடிவது வழக்கம். தேதிகள் ஆண்டுக்காண்டு நகரும். ஜனவரி முதல் வாரத்திலேயே ஒவ்வொரு துறையின் கையேட்டையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒரே பகுதிக்கு வில், மஸில்லோடர் (குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இடும் துப்பாக்கி), ரைஃபிள் எனத் தனித்தனி டேக்குகளும், முன்பருவம், பின்பருவம் எனத் தனித்தனிக் காலங்களும் உண்டு. பகுதியின் பெயரில் மயங்கிவிடுகிற புதியவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். எல்க்கின் இணைசேரும் பருவம் செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை நீள்கிறது. அந்நாட்களில், ஆண்டு முழுவதும் ஒதுங்கி வாழும் முதிய ஆண் மான், பெண் மான்களைத் திரட்டிக்கொண்டு வெட்டவெளிக்கு வருகிறது. அடித்தொண்டையில் தொடங்கிச் சீழ்க்கையாக உயர்ந்து உறுமலில் முடியும் குரலில் எதிரிகளை அழைக்கிறது. மான் தானே தன் இருப்பிடத்தை அறிவிக்கும் இந்தக் காலத்தில் ரைஃபிளோடு செல்ல அனுமதிக்கும் டேக்குகள் மிகமிகச் சில. அவற்றுக்குத்தான் அதிகப் புள்ளி தேவைப்படுகிறது.

அரிசோனாவில் வில் வேட்டை செப்டம்பர் நடுவில் தொடங்கி இந்தப் பருவத்தின் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு ரைஃபிள் டேக்கைவிடக் குறைந்த புள்ளிகளே போதும், டேக்குகளும் அதிகம். ஆனால் நாற்பது கஜத்துக்குள் நெருங்கி, வில்லை முழுவதும் இழுத்துப் பிடித்து, மான் ஓர் அடி எடுத்து வைக்கும் வரை அசையாது நிற்கும் பயிற்சி இல்லாதவருக்கு அந்த டேக் ஒரு துயரமாக முடியலாம். மானைக் காயப்படுத்தி இழப்பது வேட்டைக்காரர் செய்யக்கூடிய மிகப்பெரிய தீங்கு. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வில் பழகிச் சிறு வேட்டைகளில் தேறிய பிறகே இத்தகைய டேக்குக்கு விண்ணப்பிப்பது முறை. நவம்பர் இறுதியில் வரும் பின்பருவ ரைஃபிள் டேக் எளிதாகக் கிடைக்கும். அப்போது ஆண் மான்கள் பெண்களைப் பிரிந்து, இளைத்த உடலைத் தேற்றிக்கொள்ள மனிதர் எட்டாத பள்ளத்தாக்குகளுக்குள் ஒடுங்கிவிடும். சண்டையில் கொம்பின் கிளை முறிந்த மான்களும் பல இருக்கும். பைனாகுலர் முன் மணிக்கணக்கில் அமரும் பொறுமையும் மலையேறும் கால்களும் உள்ளவருக்கு அது நல்ல வேட்டை. உங்கள் உடலும் பயிற்சியும் விடுப்பும் எந்தப் பருவத்துக்கு ஒத்துவரும் என்பதை முதலில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு பகுதிகளின் பெயர்களைப் பாருங்கள்.

டேக் கிடைத்த பின்: நிலத்தை அறிதல்

அரிசோனாவில் விண்ணப்பித்தவர்களின் கடன் அட்டையில் மார்ச் மாதம் பணம் எடுக்கப்படும்போதே முடிவு தெரிந்துவிடும். அன்றே செய்ய வேண்டியது விடுப்புக்கு விண்ணப்பிப்பதுதான். பருவம் முழுவதற்கும், அதற்கு முன் நான்கைந்து நாட்களுக்கும், பின் மூன்று நாட்களுக்கும் விடுப்பு வாங்குங்கள். இத்தனை ஆண்டு காத்துப் பெற்ற டேக்கை வாரக்கடைசிகளில் மட்டும் பயன்படுத்துவது சரியான முடிவன்று.

பிறகு வரைபடத்தைத் திறக்க வேண்டும். கைபேசியில் நில உடைமை எல்லைகளைக் காட்டும் ஓனெக்ஸ் போன்ற செயலி ஒன்று கட்டாயம் தேவை. தேசிய வனம், நில மேலாண்மைத் துறையின் நிலம், மாநில நிலம், தனியார் பண்ணை ஆகியவற்றை அது நிறம் பிரித்துக் காட்டும். பழங்குடியினரின் ஒதுக்கப்பட்ட நிலத்தில் மாநில டேக் செல்லாது. அரிசோனாவின் வெண்மலை அப்பாச்சே மக்கள் தங்கள் நிலத்தில் தனி வேட்டைகளைத் தாங்களே நடத்துகிறார்கள். வயோமிங் போன்ற இடங்களில் ரயில்பாதை நிறுவனங்களுக்கு அரசு முன்பு அளித்த நிலக்கொடைகளால் பொதுநிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகைபோல் மாறிமாறி அமைந்துள்ளன. இரு பொதுநிலச் சதுரங்கள் சந்திக்கும் மூலையில், தனியார் மண்ணில் கால் படாமல் தாண்டுவதைத் தடுக்க முடியாது என 2025 மார்ச்சில் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் அந்த வட்டாரத்தில் அடங்கும். மொன்டானா அதில் சேராது.

பகுதி எப்படிப்பட்டது என்பது நிலத்துக்கு நிலம் மாறுகிறது. அரிசோனாவின் யூனிட் 9 கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பை ஒட்டிய மேட்டுச் சமவெளி. அங்கே பாண்டரோசா பைன் மரங்களும், பின்யான், ஜூனிபர் புதர்க்காடுகளும் உள்ளன. இயற்கையான நீரோட்டம் அரிது. கால்நடைக்காக வெட்டிய மண்குளங்களை நம்பியே மான்கள் வாழ்கின்றன. அதனால் எந்தக் குளத்தில் நீர் இருக்கிறது, எதன் கரையில் புதிய குளம்புத் தடம் இருக்கிறது என்பதே அங்கு முன்னாய்வின் பாதி வேலை. ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை வரும் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லாப் பள்ளங்களிலும் நீர் தேங்கி மான்கள் சிதறிவிடும். மழை பொய்த்த ஆண்டில் சில குளங்களைச் சுற்றியே கூடும். கிழக்கே யூனிட் 1, 27 ஆகியவை அமைந்துள்ள வெண்மலை முற்றிலும் வேறான நிலம். அங்கே ஸ்புரூஸ் காடுகளும் ஆஸ்பென் தோப்புகளும் ஈரப் புல்வெளிகளும் உள்ளன. 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு, நெருங்கிய உயரங்களும் உண்டு. அங்கே நீரைக் காத்து உட்காருவதால் பயன் குறைவு. குரலைக் கேட்டு நடக்க வேண்டும்.

முன்னாய்வை இரு முறை செய்வது நல்லது. கோடை நடுவில் செல்லும் முதற்பயணம் சாலைகள், முகாமிடும் இடங்கள், நீர்நிலைகள், உயரமான பார்வை முனைகள் ஆகியவற்றை அறிவதற்கு. அப்போது கண்ட ஆண் மான் செப்டம்பரிலும் அங்கேயே இருக்கும் என எண்ணிவிடக் கூடாது. கோடையில் ஆண் மான்கள் கூட்டாக மேய்ந்த இடத்தை விட்டு, இணைசேரும் பருவத்தில் பெண் மான்கள் வாழும் இடத்துக்குப் பல கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே பெண் மான் கூட்டங்கள் எங்கே மேய்கின்றன என்பதைக் குறித்து வைத்துக்கொள்வதே கோடைப் பயணத்தின் சிறந்த பலன். இரண்டாவது பயணம் பருவம் தொடங்குவதற்கு முந்தைய நான்கைந்து நாட்கள். அந்த நாட்களில் விடியலிலும் அந்தியிலும் தொலைவிலிருந்து கேட்பதும் பார்ப்பதும் மட்டுமே வேலை. மான்களை நெருங்கிக் கலைக்கக் கூடாது. 10×42 பைனாகுலரும், முக்காலியில் பொருத்திய 15×56 பைனாகுலர் அல்லது ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் இதற்குப் போதும். தானியங்கிக் கேமராக்களை நம்பித் திட்டமிட வேண்டாம்: வேட்டைக்கு அவற்றைப் பயன்படுத்துவதை அரிசோனா 2022 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது, யூட்டாவும் நெவாடாவும் பருவகாலக் கட்டுப்பாடுகள் விதித்துள்ளன.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான வனவிலங்கு அலுவலரையும் உயிரியலாளரையும் தொலைபேசியில் அழையுங்கள். வரைபடத்தைப் படித்துவிட்டு, “இந்தக் குளத்துக்கு மேற்கே உள்ள மேட்டில் இந்த ஆண்டு நீர் நிலை எப்படி?” என்பது போலக் குறிப்பாகக் கேட்பவருக்கு அவர்கள் மனமுவந்து விடையளிப்பார்கள். வழிகாட்டியை அமர்த்துவதா என்பது பணமும் நேரமும் சார்ந்தது. முன்னாய்வுக்கு நேரமே இல்லாதவருக்கும், தனியாக மலையில் இருந்து பழகாதவருக்கும் நல்ல வழிகாட்டி உரிய கூலிக்குத் தகுதியானவர். முடிவு வந்த வாரத்திலேயே அழைத்தால்தான் அவர்களிடம் இடம் கிடைக்கும்.

எந்த மான் போதும்?

கொம்பின் அளவை அங்குலத்தில் கூட்டிச் சொல்வது வழக்கம். 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் வகுத்த முறை இது. தண்டுகளின் நீளம், இரு தண்டுகளுக்கும் இடைப்பட்ட உள்ளகலம், கிளைகளின் நீளம், பக்கத்துக்கு நான்கு இடங்களில் சுற்றளவு ஆகியவற்றைக் கூட்டுகிறார்கள். இரு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்தே பதிவுக்குரிய மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். கழிப்பதற்கு முன் 350 அங்குலம் வரும் ஒரு மானை எண்ணிப் பாருங்கள்: இரு தண்டுகள் ஐம்பது ஐம்பதாக 100, உள்ளகலம் 40, எட்டுச் சுற்றளவுகள் சேர்ந்து 60, பக்கத்துக்கு ஐந்து கிளைகளும் சேர்ந்து 75 வீதம் 150. மலைச்சரிவில் தொலைவிலிருந்து பார்க்கும்போது சுற்றளவையும் அகலத்தையும் விட்டுவிட்டு, கிளைகளையும் தண்டின் நீளத்தையும் பாருங்கள். நெற்றிக்கு மேலுள்ள முதல் மூன்று கிளைகளும் நீண்டு, நான்காவதான வாள்கிளை அவற்றை மிஞ்சி ஓங்கி, அதன் பின்னும் தண்டு வெகுதூரம் முதுகை நோக்கிச் சென்றால் அது பெரிய மான். நான்காவது கிளைக்குப் பின் தண்டு சட்டென முடிந்தால் அது இளைய மான்.

அந்தக் கழகத்தின் பதிவேட்டில் நிரந்தர இடம்பெற இயல்பமைப்புக் கொம்புக்கு 375 அங்குலமும், வில் வேட்டைக்கான போப் அண்ட் யங் கழகத்தின் பதிவுக்கு 260 அங்குலமும் குறைந்தபட்ச அளவுகள். ஆனால் இவற்றை இலக்காக வைத்துக்கொண்டு செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிகச் சிறந்த பகுதிகளிலும் 375 அங்குல மான் அரிது. குளிர்கால ஈரமும் வசந்தகால ஈரமும் பொய்த்த ஆண்டில் பகுதி முழுவதும் கொம்பு வளர்ச்சி குன்றிவிடும். முதல் நாள் கண்டால் எந்த மானை ஏற்பேன், பாதிப் பருவத்தில் எதை, கடைசி இரு நாட்களில் எதை என்று மூன்று வரிகளில் வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு செல்லுங்கள். புதியவருக்கு, தண்டின் நுனியையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு முனை கொண்ட முதிர்ந்த மான் எதுவும் பெருமைக்குரியதே. கடைசி நாள்வரை நல்ல மான்களை விட்டுவிட்டு, டேக்கோடு வெறுங்கையாகத் திரும்பத் தனக்குச் சம்மதமா என்பதையும் முன்பே மனத்தில் கேட்டுத் தெளிய வேண்டும்.

உடலும் ஆயுதமும்

சமவெளியில் வாழ்கிறவர் 2,500 மீட்டர் உயரத்துக்கு வந்து இரண்டு மூன்று நாட்கள் கழித்தே உடல் இசைந்து நடக்க முடியும். டேக் கிடைத்த மாதத்திலிருந்து முதுகுச் சுமையோடு மேடேறிப் பழகுங்கள். ரைஃபிளில் .270, .30-06, 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய எதுவும் எல்க்குக்குப் போதுமானது. உறுதியான தோட்டாவும், படுத்தும் உட்கார்ந்தும் முக்காலியில் சாய்த்தும் சுட்ட பயிற்சியும் அளவைவிட முக்கியம். பயிற்சித் திடலில் பத்துக்குப் பத்தும் குறி தப்பாத தூரமே களத்தில் உங்கள் எல்லை. செம்மஞ்சள் ஒளிர் மேலாடையைக் கொலராடோ, வயோமிங், மொன்டானா ஆகியவை துப்பாக்கி வேட்டையில் கட்டாயமாக்கியுள்ளன. அரிசோனாவில் கட்டாயமில்லை, இருந்தும் அணிவதையே பரிந்துரைக்கிறேன்.

களத்தில்

எல்க்கின் கண்ணையும் காதையும் ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழிறங்கும். வெயில் ஏறியதும் திசை திரும்பி மேலேறும். மாலையில் மறுபடி இறங்கும். ஆகவே காலையில் மேலிருந்து இறங்கி மானை நெருங்கினால் உங்கள் வாடை முன்னே செல்லும். மான்கள் விடியலில் மேய்ச்சலை முடித்துக்கொண்டு வடக்குச் சரிவுகளின் அடர்நிழலுக்குத் திரும்பும் பாதையைக் கண்டு, காற்று திரும்பும் நேரத்தில் விலகி நின்று, அது நிலைத்த பிறகே நெருங்க வேண்டும். காற்று தவறாக வீசும் நாளில் அந்த மானை விட்டுவிட்டு வேறிடம் செல்லுங்கள்; கலையாத மான் நாளையும் அங்கேயே இருக்கும். குரல் கொடுத்து அழைப்பதைப் புதியவர் குறைவாகச் செய்வதே நலம். முதிய ஆண் மான் எதிரியின் குரல் கேட்டால் தன் பெண் மான்களைத் திரட்டிக்கொண்டு விலகிப்போவதும் உண்டு. அதன் குரலைப் பின்தொடர்ந்து மௌனமாக நெருங்குவது பலருக்குப் பலன் தருகிறது.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ் மூன்றிலொரு பங்கு உயரத்தில் நுரையீரலைக் குறிவையுங்கள். வில்லாளர், மான் சற்று அப்பால் திரும்பிப் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். அம்பு பட்ட பின் குறைந்தது அரை மணி நேரம் அசையாதிருங்கள்; குடலில் பட்டதாகத் தோன்றினால் பல மணி நேரம் கழித்தே தொடருங்கள்.

இறைச்சி

முதிர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும்; எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் 90 முதல் 120 கிலோ வரை இருக்கும். ஒருவர் முதுகில் சுமந்தால் நான்கைந்து நடைகள், ஒவ்வொன்றும் பல மணி நேரம். வண்டியிலிருந்து எவ்வளவு தூரம்வரை சுடுவேன் என்பதை இந்தக் கணக்கே தீர்மானிக்க வேண்டும். உதவிக்கு வரும் நண்பர்கள், குதிரை வைத்துச் சுமை இறக்குபவர், அருகிலுள்ள இறைச்சி பதப்படுத்தும் கடை, அதன் குளிர் அறை ஆகிய எல்லாவற்றையும் பருவத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அரிசோனாவின் செப்டம்பர் நண்பகல் வெப்பத்தில், தடித்த தோலும் பின்தொடை எலும்பும் வெப்பத்தைச் சிறைவைத்து இறைச்சியைச் சில மணி நேரத்திலேயே கெடுத்துவிடும். எனவே மான் வீழ்ந்ததும் முதலில் சட்டப்படி டேக்கைக் கட்டி, படம் எடுப்பதைச் சில நிமிடங்களில் முடித்து, உடனே தோலை உரியுங்கள். வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கத் தொடைகளையும் முதுகுச் சதையையும் கழற்றி, மானைப் புரட்டி மறுபக்கத்தையும் கழற்றும் முறை தனி மனிதருக்கு ஏற்றது; உள்முதுகுச் சதையை விலாவுக்குக் கீழே கைவிட்டு எடுத்துவிடலாம். காற்று புகும் துணிப்பைகளில் இட்டு, நிழலான மரக்கிளையில் தொங்கவிட்டு, இறைச்சியைச் சுமந்த பிறகே தலையைச் சுமக்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டு வருவது எல்லா மேற்கு மாநிலங்களிலும் குற்றம். மானின் பாலுறுப்பு போன்ற அடையாளத்தை இறைச்சியோடு ஒட்டியபடி வைக்க வேண்டுமா என்ற விதியையும் கையேட்டில் பாருங்கள்.

மான், எல்க் ஆகியவற்றின் மூளையைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய் மேற்கில் பல இடங்களில் பரவியுள்ளது. அது மனிதரைத் தாக்கியதாக நிறுவப்படவில்லை. என்றாலும் நோய்கண்ட பகுதிகளில் நிணநீர்க்கணுவை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியே உறையவைத்துக் காத்திருப்பது நல்லது. பல மாநிலங்கள் மூளையும் தண்டுவடமும் எல்லை தாண்டி வருவதைத் தடுக்கின்றன. எலும்பு நீக்கிய இறைச்சி, சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு கூடிய கொம்பு, உப்பிட்ட தோல் என்று பிரித்தே வண்டியில் ஏற்றுங்கள். வீடு திரும்பும் வழியில் கடக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

டேக் பயன்பட்டாலும் பயன்படாவிட்டாலும் அந்த மாநிலத்தில் சேர்த்த புள்ளிகள் பொதுவாகத் தீர்ந்துவிடும். யூட்டாவில் கட்டுப்படுத்தப்பட்ட எல்க் டேக் பெற்றவர் ஐந்து ஆண்டுகள் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. நோய், வேலை முதலிய காரணங்களால் போக முடியாத நிலை வந்தால், பருவம் தொடங்கும் முன்பே டேக்கைத் திருப்பிக் கொடுத்துப் புள்ளிகளைக் காத்துக்கொள்ளச் சில மாநிலங்கள் வழி வைத்துள்ளன. அரிசோனாவில் அதற்கான காப்புக் கட்டணத்தை விண்ணப்பிக்கும்போதே கட்டிவிடுவது பாதுகாப்பானது. மற்ற மாநிலங்களில் சேர்ந்துவரும் புள்ளிகள் அப்படியே இருக்கும் என்பதால், அடுத்த ஜனவரியில் கையேடுகள் வெளியானதும் அவற்றுக்கான விண்ணப்பங்களைத் தொடருங்கள்.